பாம்புக்கடி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஒரு மணி நேரம்

பாம்புக்கடி என்று யாரையாவது தூக்கிக்கொண்டு வந்ததும் வாசலிலேயே கிளம்பும் கேள்வி, ‘எந்தப் பாம்புங்க?’ சிகிச்சையைத் தொடங்க அதற்குப் பதில் தெரிய வேண்டியதில்லை. நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரானது. எந்தப் பாம்பானாலும் அதே குப்பிதான். சாக்குப்பையில் அடித்துக் கொண்டுவந்த பாம்பைச் சுற்றி நின்று விவாதிப்பதில் பத்து நிமிடம் போய்விடும். முடிவும் பல நேரம் தப்பாகவே இருக்கும். மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்பார்கள். பட்டை போட்ட விஷமில்லாத பாம்பைக் கட்டுவிரியன் என்பார்கள். செத்த பாம்பின் தலையும் கடிக்கும் என்பதால் அதைக் கையில் எடுக்க விடாமல் இருப்பது நல்லது. கைபேசியில் படம் இருந்தால் பார்க்கலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஆளை. கடித்த நேரம், வந்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம் மூன்றையும் சீட்டின் மேலேயே எழுதிவிட வேண்டும். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினால் அரை மணி கழித்து ‘ஏறியிருக்கா, இல்லையா’ என்ற சந்தேகமே வராது. கயிற்றையோ துண்டையோ இறுக்கிக் கட்டி வந்திருந்தால் பார்த்த உடனே அறுத்துவிடக் கூடாது. கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஐ.வி. லைன் போட்டு, ஏ.எஸ்.வி., ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் எல்லாம் கைக்கெட்டிய பிறகே தளர்த்த வேண்டும். நாடி இல்லாத அளவுக்கு இறுகியிருந்தால் கட்டுக்கு மேலே பி.பி. கஃப்பைச் சுற்றி ஊதி, கயிற்றை எடுத்துவிட்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். சட்டென்று அவிழ்த்தால் தேங்கியிருந்த விஷம் ஒரே மூச்சில் உடம்புக்குள் போகும். வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று மென்று பார்க்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கசந்தாலும் கசக்காவிட்டாலும் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. விழுங்கும் தசை தளரத் தொடங்கியவர் வாயில் இலையைத் திணித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கண்ணாடிக் குழாய் போதும். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை அவ்வளவு எளிது. அதனாலேயே அதை அலட்சியமாகச் செய்து கெடுப்பதும் அதிகம். சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, அறை வெப்பத்தில் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தண்ணீராக ஓடினால் உறையவில்லை, ஏ.எஸ்.வி. உண்டு.

கெடுவது எங்கே? முதலாவது பிளாஸ்டிக். உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக் குழாயிலோ சிரிஞ்சிலேயோ விட்டுவைத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் கிடக்கும். தேவையில்லாதவருக்கு 10 குப்பி ஏறும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயிலும் இதே கதைதான். இரண்டாவது பொறுமையின்மை. பத்தாவது நிமிடத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தால் அந்தச் சோதனை போயிற்று. சந்தேகம் இருந்தால் கூட வந்தவர் ஒருவரின் ரத்தத்தையும் அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு குழாயில் விட்டுப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் உறையவில்லை என்றால் கோளாறு குழாயில். இப்போது எல்லா ரத்தப் பரிசோதனைக்கும் பிளாஸ்டிக் குழாய்களே வருவதால் கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோனது கடி வந்த ராத்திரியில்தான் தெரியும். பத்துக் குழாயைத் தனியாக ஏ.எஸ்.வி. தட்டிலேயே போட்டு வைப்பது என் பார்வையில் மருந்து இருப்பு பார்ப்பதற்குச் சமமான வேலை.

முதல் சோதனையில் உறைந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாமா? கூடாது. விஷம் மெதுவாக ஏறுகிறவர்கள் உண்டு. முதல் 3 மணி நேரத்துக்கு மணிக்கொரு முறை, பிறகு 6 மணிக்கொரு முறை என 24 மணி நேரம் சோதனையைத் திரும்பச் செய்து கண்காணிக்க வேண்டும். மறுபக்கம், ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது 20 நிமிடம் முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் தவறு. கண்ணுக்குத் தெரியும் ரத்தக்கசிவே போதுமான காரணம்.

கட்டுவிரியன் வேறு ரகம். தரையில் பாய் போட்டுப் படுத்தவர் விடிகாலை நான்கு மணிக்கு வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு என்று வருவார். கடித்ததே தெரியாது. வீக்கம் இல்லை, வலி இல்லை, பல் தடம் தேடினாலும் கிடைக்காது. கேஸ் டிரபிள் என்று ரேனிடிடின் ஊசி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான். ‘ஐயா, தலையை ஆட்டாம கண்ணை மட்டும் மேல தூக்கிப் பாருங்க’ என்று சொல்லி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். இமை மெல்ல இறங்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணி கழித்து 12-இல் நின்றால், ஆக்சிஜன் அளவு 98 காட்டினாலும் அவர் மூச்சுத் தசை தளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பல்ஸ் ஆக்சிமீட்டர் கடைசியில்தான் சொல்லும்.

இமை இறங்கியவருக்கு அட்ரோபின் 0.6 மி.கி. கொடுத்த பின் நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. போட்டு ஒரு மணி நேரம் பார்க்கலாம். நாகத்தின் விஷம் தசைப் பக்கத்து ஏற்பிகளை மறிப்பது. அதனால் இமை ஏறும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே சேதப்படுத்துவதால் பெரும்பாலும் பலன் இருக்காது. பலன் இல்லாவிட்டால் மருந்தைத் திரும்பத் திரும்பப் போடாமல் மூச்சைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஏ.எஸ்.வி. தொடக்க அளவு 10 குப்பி. பெரியவர், குழந்தை, கர்ப்பிணி எல்லாருக்கும் அதேதான். ஆள் சின்னவர் என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை. ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மி.கி. அளவை முறிக்கும். 10 குப்பி என்றால் 100 மில்லி, அதாவது 60 மி.கி. அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு குப்பி, இரண்டு குப்பி போட்டு ‘முதலுதவி கொடுத்தாச்சு’ என்று அனுப்புவதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

தூள் கரைய நேரமாகும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துக்கொண்டு, எவ்வளவு கரைந்தது என்றே தெரியாது. கூட வரும் 10 மில்லி நீரை விட்டு உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். பத்தையும் ஒரு செவிலியர் தனியாகக் கரைப்பதை விட இரண்டு பேர் ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். 500 மில்லி சலைனில் 100 மில்லியை எடுத்துவிட்டு மருந்தைச் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் ஏற்றி முடிக்கலாம். குழந்தைக்கும் இதய, சிறுநீரக நோயாளிக்கும் மருந்து அதேதான், சலைனை மட்டும் குறைக்க வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றி மருந்தைக் குத்துவது வீண்.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் கைவிடப்பட்ட முறை. அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் தின்கிறது. அதற்குப் பதிலாக, ட்ரிப் தொடங்கும் முன்பே 0.5 மில்லி அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து, பெயர் எழுதி ஒட்டி, படுக்கையருகே வையுங்கள். முதல் கால் மணி நேரம் யாராவது ஒருவர் அங்கிருந்து நகரக் கூடாது. அரிப்பு, தடிப்பு, நடுக்கம், இருமல், வாந்தி, பி.பி. இறக்கம் என எது வந்தாலும் ட்ரிப்பை நிறுத்திவிட்டு, தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மி.கி., குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. ஐந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும். ரத்தம் உறையாதவருக்குத் தசை ஊசியே கூடாது என்பது விதி, டெட்டனஸ் தடுப்பூசி (டி.டி.) கூடக் காத்திருக்கலாம். அட்ரினலின் மட்டும் அதற்கு விலக்கு. ஒவ்வாமை அடங்கியதும் மெதுவான வேகத்தில் ஏ.எஸ்.வி.யைத் தொடர வேண்டும். ‘ஒத்துக்கல’ என்று எழுதி நிறுத்திவிட்டால் விஷம் உள்ளேயே இருக்கும்.

ஒவ்வாமை மருந்தான ஏவிலும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனும் முன்கூட்டியே போட்டால் ஒவ்வாமை வராது என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக வேரூன்றியது. 2011-இல் வெளியான இலங்கை ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் இதைச் சோதித்தது. தோலுக்கடியில் போட்ட 0.25 மி.கி. அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. ஏவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும் ஹைட்ரோகார்டிசோனும் தனியாகக் குறைக்கவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகார்டிசோனைச் சேர்த்தபோது அதன் பலனும் போனது. முதியவர், இதய நோயாளி, பி.பி. ஏறியிருப்பவர் ஆகியோருக்கு அந்த அட்ரினலின் முன் ஊசியைத் தவிர்க்க வேண்டியிருக்கும், மற்றவர்களுக்கு யோசிக்கலாம்.

மருந்து ஏறியபின் ரத்தம் எப்போது உறையும்? 6 மணி நேரம் கழித்தே மறுசோதனை. விஷத்தை மருந்து முறித்தாலும், தீர்ந்துபோன உறைவுக் காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் சோதித்து ‘இன்னும் உறையல’ என்று மேலும் 10 குப்பி ஏற்றுவது மருந்தை வீணாக்கும். நரம்பு விஷத்தில் ஓரிரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னொரு 10. மொத்தம் 20-க்கு மேல் பயன் கிடையாது, அங்கிருந்து வென்டிலேட்டரின் வேலை. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டப் பகுதிகளில் குழிவிரியன் கடிக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோபினாக் ரத்தக்கசிவையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். சிறுநீரை ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து நிறம் பார்ப்பது எளிய வேலை; கறுத்த டீ நிறம் வந்தால் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே பேச வேண்டும்.

ஜி.எச்.சுக்கு அனுப்புவதென்றால் முதல் தவணையை ஏற்றிவிட்டோ ஏற்றிக்கொண்டோ அனுப்புவதே முறை. 108 வண்டியில் மூச்சு தளர்ந்தவரோடு போகிறவர் ஆம்பு பேக்கை ஐந்தாறு நொடிக்கொரு முறை அழுத்த வேண்டும். நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் கை சோரும், வேகம் தானாகக் கூடும். மாற்று ஆள் ஏறியிருக்க வேண்டும். முழுதும் தளர்ந்தவரின் கண்மணி விரிந்து, ஒளிக்குச் சுருங்காமல் இருக்கலாம். அது மூளைச்சாவு இல்லை, தசைத் தளர்ச்சி. காது கேட்கும், எல்லாம் புரியும். அவர் தலைமாட்டில் நின்று நம்பிக்கையிழந்த பேச்சு பேசக் கூடாது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இறப்பு மட்டுமின்றிக் கடியும் பதிவாக வேண்டும். பதிவேடு ஒழுங்காக இருந்தால் எந்த வட்டாரத்தில் எந்த மாதத்தில் எத்தனை குப்பி வேண்டும் என்பது கணக்காகக் கிடைக்கும். நடவு, அறுவடை மாதங்களில் இருப்பு தீர்ந்து பக்கத்து நிலையத்தில் கடன் கேட்கும் அவஸ்தையும் குறையும். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வரி சொல்லி அனுப்ப வேண்டும்: ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு வந்தால் அது மருந்தின் பின்விளைவாக இருக்கலாம், உடனே வந்து காட்டுங்கள்.