கிரப்பை எடுப்பதற்கு முன் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் செமஸ்டர் முடிந்ததும் பொறியியல் மாணவர்களின் லேப்டாப்பில் அடிக்கடி நடப்பது இது. லேபுக்காக விண்டோஸோடு சேர்த்து உபுண்டு என்ற லினக்ஸும் போட்டிருப்பார்கள், இப்போது இடம் போதவில்லை. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து லினக்ஸ் பார்ட்டிஷனை (டிஸ்கில் லினக்ஸுக்கெனப் பிரித்த பகுதியை) அழித்து ரீஸ்டார்ட் கொடுத்தால், கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற ஒற்றைச் சொல்லும் மினுக்கும் கோடும். மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ கடைக்கு எடுத்துப்போனால் "ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தேவையே இல்லை. விண்டோஸ் அப்படியே இருக்கிறது.

கிரப் என்பது லினக்ஸோடு வரும் பூட் நிரல், மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸா லினக்ஸா என்று மெனு காட்டுவது அதுதான். அதன் சிறு பகுதி மட்டும்தான் பூட் ஆகும் இடத்தில் இருக்கும். மெனுவும் மற்ற துணைக் கோப்புகளும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், பூட் ஃபோல்டரில் இருக்கும். பார்ட்டிஷனை அழித்தால் மெனு போய்விடும். மெனுவைத் தேடும் கிரப் மட்டும் வாசலில் நிற்கும். ஆகவே முதலில் பூட் பொறுப்பை விண்டோஸுக்கு மாற்றி, ஒருமுறை நேராக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

மெஷின் எந்த முறையில் பூட் ஆகிறது என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்.எஸ்.இன்ஃபோ32 என்று புள்ளியில்லாமல் அடித்தால் 'பயாஸ் மோட்' என்ற வரி வரும். அதில் யூ.ஈ.எஃப்.ஐ (புது பூட் முறை) என்றிருந்தால் ஒரு வழி, லெகசி (பழைய பயாஸ் முறை) என்றிருந்தால் வேறு வழி. யூடியூபில் பார்த்ததையெல்லாம் கலந்து அடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

யூ.ஈ.எஃப்.ஐ மெஷினில் கிரப் எதையும் அழித்துவிட்டு உட்காரவில்லை. ஈ.எஃப்.ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஃபேட்32 கோப்பு முறையில் ஒரு சின்னப் பகுதி உண்டு, விண்டோஸ் தானாகப் போட்டதென்றால் பெரும்பாலும் 100 எம்.பி. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எதை முதலில் ஏற்றுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். அமைப்புத் திரைக்குள் போய் (ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது டெல், ஏசர், ஏசூஸில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10) 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை மேலே தூக்கிவைத்தாலே முக்கால் வேலை முடிந்தது.

அதற்கு முன் ஒன்று: பிட்லாக்கர், டிஸ்கில் இருப்பதைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. 'நான் போடவே இல்லையே' என்பீர்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நின்றால், அது இல்லாமல் உள்ளே போக முடியாது. கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே தொடங்குங்கள்.

விண்டோஸ் நேராக ஏறியதா? இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பகுதியை அழிக்கலாம். டிரைவ் எழுத்தும் இல்லாமல், கோப்பு முறையின் பெயரும் இல்லாமல் நிற்பதுதான் அது. டிரைவ் எழுத்து இல்லாதவை இன்னும் இரண்டு இருக்கும்: 'ஈ.எஃப்.ஐ சிஸ்டம்' என்றும் 'ரெகவரி' என்றும் எழுதியிருப்பவை. அவற்றைத் தொடாதீர்கள்.

மிச்சம் உபுண்டு ஃபோல்டர். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், அதே ஒலியை ஆங்கிலத்தில் அடியுங்கள். டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் வால்யூம். ஃபேட்32, சின்ன அளவு (பெரும்பாலும் 100 எம்.பி) என்று இருப்பதன் எண்ணைப் பார்த்து செலக்ட் வால்யூம், அந்த எண். அடுத்து அசைன் லெட்டர், சமக்குறி, எஸ். எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து எஸ் டிரைவுக்குள் போய், ஈ.எஃப்.ஐ ஃபோல்டரில் உபுண்டுவை மட்டும் ஆர்-எம்-டி-ஐ-ஆர், சாய்கோடு எஸ் போட்டு நீக்கவும். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் பக்கத்திலேயே இருக்கும், கை தவறினால் கதை கந்தல். வேலை முடிந்ததும் டிஸ்க்பார்ட்டில் அதே வால்யூமைத் தேர்ந்து ரிமூவ் லெட்டர், சமக்குறி, எஸ் கொடுத்து அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள்.

பூட் மெனுவில் உபுண்டு என்ற பெயர் இன்னும் தெரிந்தால், பி-சி-டி-எடிட், சாய்கோடு ஈ-என்-யூ-எம், ஃபர்ம்வேர் என்று அடித்து அதன் நீண்ட அடையாள எண்ணை எடுத்து, பி-சி-டி-எடிட், சாய்கோடு டெலீட்டோடு ஒட்டவும். பவர்ஷெல்லில் இது பிழை காட்டும். அடையாள எண்ணைச் சுற்றியிருக்கும் வளைவு அடைப்புக்குறிக்கு அங்கே வேறு பொருள் உண்டு. மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இல்லை, பழைய கமாண்ட் ப்ராம்ப்டிலேயே அடித்துவிடுங்கள்.

அவசரப்பட்டு முதலிலேயே அழித்துவிட்டவர்களுக்கு: யூ.ஈ.எஃப்.ஐயில் 'கிரப்' ப்ராம்ப்டில் எக்ஸிட் என்று அடித்துப் பாருங்கள். பல மெஷின்களில் அடுத்த பதிவான விண்டோஸ் ஏறிவிடும். ஏறாவிட்டால் 8 ஜி.பி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை வைத்து பூட் செய்து, ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தி, மேலே சொன்னபடி எஸ் எழுத்து கொடுத்துவிட்டு பி-சி-டி-பூட், சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டர், சாய்கோடு எஸ், எஸ் டிரைவ், சாய்கோடு எஃப், யூ.ஈ.எஃப்.ஐ. இரண்டு விநாடி வேலை. ஆனால் இன்ஸ்டாலருக்குள் சி டிரைவ் சில நேரம் டி ஆகியிருக்கும். டி-ஐ-ஆர் போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட்ரெக் என்ற பூட் பழுதுபார்க்கும் கட்டளையில் ஃபிக்ஸ்பூட் அடித்து 'ஆக்சஸ் டினைடு' என்று வந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இந்த முறைக்கு அந்தக் கட்டளை தேவையே இல்லை.

இனி லெகசி. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தன. கடலூர் மாவட்ட வீடுகளில் இன்னும் ஓடுபவை உண்டு. அந்தக் காலத்து மெஷின்களில் கிரப் உட்கார்ந்திருப்பது டிஸ்கின் முதல் 512 பைட்டில். அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. 512-ஐயும் சுழியாக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றினால் அட்டவணையும் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் இன்ஸ்டாலரில் பூட்ரெக், சாய்கோடு ஃபிக்ஸ்-எம்-பி-ஆர் என்பது 446-ஐ மட்டும் மாற்றும், அதுதான் சரி. லெகசியில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்துவிட்டாலும் மருந்து இதேதான்.

அதன் பிறகும் 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று வரலாம். விண்டோஸின் பூட் நிரல் 'ஆக்டிவ்' என்று குறித்த பார்ட்டிஷனைத்தான் தேடும். கிரப்புக்கு அந்தக் குறி தேவையில்லை, அதனால் அது இல்லாமலேயே இத்தனை நாள் ஓடியிருக்கும். டிஸ்க்பார்ட்டில் 'சிஸ்டம் ரிசர்வ்ட்' பகுதியைத் தேர்ந்து ஆக்டிவ் என்று அடிக்கவும். அப்படியொரு பகுதி இல்லாத மெஷினில் மட்டும் சி டிரைவ்.

காலியான இடத்தை சி-யோடு சேர்க்க, அது சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் ரெகவரி இருந்தால் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகத்தான் தெரியும். அப்போது அந்த இடத்தில் புது டிரைவ் ஒன்று போட்டுக்கொள்வதே என் விருப்பம். பார்ட்டிஷனை நகர்த்தும் கருவிகள் உண்டுதான், ஆனால் கார்த்திகை மாத மழையில், பேட்டரி செத்த லேப்டாப்பை கரண்ட்டை நம்பி ஓடவிட்டு நகர்த்துவது தெரிந்தே பள்ளத்தில் இறங்குவது. பாதியில் நின்றால் உள்ளே இருந்ததும் போய்விடும்.

எல்லாம் முடிந்து விண்டோஸ் ஏறியதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருந்தால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருந்தது, விண்டோஸ் அதை நம் நேரம் என்று படிக்கிறது. நேர அமைப்பில் 'சிங்க் நவ்' ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும், திரும்ப மாற்ற அங்கே இனி லினக்ஸ் இல்லை.