கதை சொல்ல ஒரு மானியம்: சுங்கை சிப்புட்டிலிருந்து போட்ட விண்ணப்பம்

கதை சொல்கிறவர்களுக்கெல்லாம் மானியம் தருவார்களா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தருவார்கள். எனக்குத் தந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர் யாரும் இல்லாததால் எதையும் விசாரித்து விசாரித்தே செய்ய வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவருக்கு அந்த அலைச்சல் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பகலில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நவராத்திரி, பள்ளி விழா, தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று யார் கூப்பிட்டாலும் போய்க் கதை சொல்வேன். இராமாயணமும் சொல்வேன், ஆனால் சனங்கள் கேட்டு வாங்குவது ஊர்க்கதையைத்தான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துப் போன அப்பா திரும்பி வராத கதை. 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்துத் துரை சுடப்பட்டு, அன்றே பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைமார் செத்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க நாடு முழுக்க அவசரகாலம் வந்த கதை. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்ததும், 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டுகிறவர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று சொன்ன கதை. இதையெல்லாம் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேரின் கதைகளை எடுத்து, மூன்று இளைஞர்களைப் பழக்கி, ஒரே இரவில் மேடையேற்ற வேண்டும். திட்டம் அவ்வளவுதான். அந்த மூவரில் ஒரு தம்பி மேடைக் கவிதை சொல்கிறவன். தமிழும் மலாயும் கலந்து அவன் பேசுகிற வேகத்துக்குப் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் அவன் பெயரைச் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்கே கேட்பது என்பதுதான் முதல் குழப்பம். தேசிய கலை, பண்பாட்டுத் துறைக்கு, ஜேகேகேஎன் என்பார்களே, அதற்கு மாநிலந்தோறும் அலுவலகம் உண்டு. எங்களுக்கு ஈப்போ. பதிவு பெற்ற பண்பாட்டுச் சங்கமாக இருந்தால் அங்கே போய் உட்கார்ந்து பேசலாம். மித்ரா என்ற அரசுப் பிரிவு 2018இல் செடிக் என்ற பழைய பிரிவின் இடத்துக்கு வந்தது. இந்தியர்களின் சமூகப் பொருளாதார முன்னேற்றம்தான் அதன் நோக்கம், கேட்பதும் பெரும்பாலும் அமைப்புகள்தான். 2017இல் தொடங்கிய செந்தானா கலைஞர்களுக்கென்றே உள்ளது, தனி ஆளும் குழுவும் கேட்கும்படியான திட்டங்களை அவ்வப்போது அறிவிக்கும். யாயாசான் ஹசானா போன்ற அறவாரியங்களும் கலைக்கு நிதி ஒதுக்குகின்றன. எனக்குப் பணம் தந்த அமைப்பின் பெயரை மட்டும் எழுதவில்லை, பின்னால் கொஞ்சம் குறை சொல்ல இருக்கிறது. அதை இந்த வரிசையில் தேட வேண்டாம்.

அடுத்த கேள்வி, யாருடைய பெயரில் கேட்பது. சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், சட்டவிதி எழுத வேண்டும், சங்கங்களின் பதிவிலாகாவில் பதிய வேண்டும், அப்புறம் ஆண்டுதோறும் கூட்டம் போட்டுக் கணக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கதை சொல்ல நேரம் இருக்காது. கோயில் கமிட்டி பெயரில் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். மண்டபம் தருகிறோம், ஆதரவுக் கடிதம் தருகிறோம், ஆனால் கோயில் வங்கிக் கணக்கில் வேறு பணம் வரக்கூடாது என்று தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கமிட்டித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடைசியில் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் என் சொந்தப் பெயரிலேயே வியாபாரப் பதிவு செய்தேன். சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வேறு பெயர் வைத்தால் 60. எல்லாம் இணையத்திலேயே முடிந்தது. தனி ஆளாகக் கேட்பதற்கு அது கட்டாயமில்லை என்றாலும், இன்வாய்ஸ் கொடுக்கவும் வங்கியில் தனிக் கணக்குத் திறக்கவும் உதவியது.

அப்புறம்தான் கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது திட்டத்தை விளக்கும் அறிக்கை. நோக்கம், நிகழ்ச்சி நிரல், கால அட்டவணை, பயனடைவோர், செலவுக் கணக்கு. மலாயில் எழுதுவது எனக்குச் சிரமமில்லை, கடைக்கு வரும் கடிதமெல்லாம் மலாய்தான். விண்ணப்பப் பாரத்தில் கலைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இடத்தில்தான் முழித்தேன். நாடகம் இருந்தது, நடனம் இருந்தது, இசை இருந்தது. கதை சொல்வதற்கு இடமில்லை. தொலைபேசியில் கேட்டேன். எடுத்த பெண் சிரித்துக்கொண்டே, "நாடகத்தில் போடுங்கள், விளக்கத்தில் தெளிவாக எழுதுங்கள்" என்றார். சரி என்று போட்டேன்.

செலவுக் கணக்கில் நான் மண்டபம், ஒலிபெருக்கி, நாற்காலி, பதாகை, சாப்பாடு எல்லாம் போட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன் ஈப்போவில் ஒரு நாடகக்கார அண்ணனிடம் காட்டினேன். அவர் இப்படிப்பட்ட தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தவர். மாமாக் கடையில் தே தாரிக்கை ஆறவைத்துவிட்டு, தாளை ஒவ்வொரு வரியாக விரலால் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஸ்பீக்கருக்கு எண்ணூறு. நாற்காலிக்கு முந்நூறு. சாப்பாட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு. கதை சொல்றவங்களுக்கு எங்கம்மா?"

"அது சேவைதானே அண்ணே."

"அப்ப நாற்காலிக்காரரும் சேவை செய்யட்டுமே."

இந்த ஒரு பேச்சுதான் என் விண்ணப்பத்தை மாற்றியது. தோட்டத்தில் கூத்துக் கட்டினவர்களும் வில்லுப்பாட்டுப் பாடினவர்களும் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், வெட்டி முடித்துப் பால் எடுத்து, சாயங்காலம் ஒத்திகைக்கு வந்தவர்கள். துண்டு போட்டு மரியாதை செய்வார்கள், வயிறாரச் சோறு போடுவார்கள். காசு கேட்டால் அது அசிங்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் குழுவில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, சாப்பாடு பெரிய தொகையாகவும் கலைஞருக்கு ஒன்றுமில்லாமலும் ஒரு கணக்கு வந்தால், இது கலைப் படைப்பு இல்லை, கெந்தூரி, வெறும் விருந்து என்றுதான் தோன்றுமாம். ஆள் சம்பளம் இல்லாத கணக்கை நம்பவும் மாட்டார்களாம். வேலைக்குக் கூலி இல்லை என்றால் வேலை நடக்குமா என்பது நியாயமான சந்தேகம்தானே.

திரும்ப உட்கார்ந்து எழுதினேன். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் 300 வெள்ளி. மூன்று இளைஞர்களுக்கு ஒத்திகைக்கும் மேடைக்கும் தனித்தனியாக. எனக்கு, கதைகளைக் கேட்டு எழுதியதற்கும் இளைஞர்களைப் பழக்கியதற்கும் மேடையில் சொல்வதற்கும் சேர்த்து 2,000. அந்த எண்ணை அடித்துவிட்டு நிறைய நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆணிக்கும் சிமெண்ட்டுக்கும் விலை போடுகிறவளுக்குத் தன் வாய்க்கு விலை போட வரவில்லை. சாப்பாட்டை டீ, வடை, மீகூனோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியவர்களிடம் இதைச் சொல்லப் போனபோதுதான் அடுத்த வேடிக்கை. தாமானில், அதாவது ஊருக்குள் உள்ள வீடமைப்புப் பகுதியில், மகன் வீட்டில் இருக்கும் பாட்டி ஒருவர், சிறுவயதில் அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் வாழ்ந்தவர், கோபித்துக்கொண்டார். "என்னாத்துக்குக் காசு? கதை கேக்க வந்த புள்ளகிட்ட யாராச்சும் காசு வாங்குவாங்களா?" நான் தரவில்லை பாட்டி, ஆபீசில் தருகிறார்கள் என்றேன். அப்படியென்றால் சரி என்று உடனே எழுந்து உள்ளே போய் ஒரு மைலோ டின்னை எடுத்து வந்தார். அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐசி என்கிற அடையாள அட்டையும் பிஎஸ்என் வங்கிப் புத்தகமும். உதவித்தொகை வரும் கணக்கு அது. எண்ணை எழுதிக்கொண்டேன். ரசீதில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தார். மை சரியாகப் படவில்லை. வெட்டுக்கத்தி பிடித்தே ரேகை தேய்ந்துவிட்டது என்று அவரே சொல்லி, இரண்டாவது தடவை அழுத்தி வைத்தார். ரேகை வைத்த ரசீதுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சியின் பெயரும் ஐசி எண்ணும் வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டதும் அங்கேதான். மகன் சாட்சி போட்டார்.

மாதிரி வீடியோ கேட்டிருந்தார்கள், சில நிமிடம்தான். கோயில் திண்ணையில் கைப்பேசியில் எடுத்தோம். செம்பனை லாரி போகாத நேரம் பார்த்து எடுத்ததுதான் கஷ்டம். மலாய் வரிகளைத் தம்பி கீழே ஓட்டிக் கொடுத்தான்.

நேர்காணல் ஸூமில் நடந்தது. பயனடைவோர் எத்தனை பேர், அவர்கள் இன்னும் தோட்டத்திலா இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. லயங்களில் இப்போது நம் குடும்பங்கள் ஒன்றிரண்டுதான், வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்கள் ஊருக்குள் தாமான்களில் இருக்கிறார்கள். ஆனால் கோயில் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது, திருவிழாவுக்கு எல்லோரும் அங்கேதான் திரும்புகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். செலவுக் கணக்கில் என் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீகூன் யார் சமைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

ஒப்புதல் வந்தபின் பெர்மிட் வேலை. பேராக்கில் பொதுக் கேளிக்கைக்கு 1998ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். பாடுவீர்களா, ஆடுவீர்களா, டிக்கெட் உண்டா என்று கேட்பார்கள். நுழைவு இலவசம், பேச்சு மட்டும் என்று கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. தோட்டத்து எல்லைக்குள் என்றால் மேனேஜரின் கடிதமும் வேண்டும். அவர் அதைக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார், அங்கே யாராவது விடுமுறையில் இருப்பார்கள். இந்தக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டு வைப்பது நல்லது.

நிகழ்ச்சியைப் பற்றிச் சொந்தப் பெருமை வேண்டாம். மழை பெய்யவில்லை, சனம் வந்தது, கவிதைத் தம்பிக்குக் கைதட்டல் என்னைவிட அதிகம்.

அறிக்கைதான் பாடாய்ப் படுத்தியது. வந்தவர்களின் பெயரும் கையெழுத்தும் உள்ள பட்டியல் வேண்டும் என்றார்கள். எங்கள் பெரியவர்கள் தெரியாத தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரரின் கடனுக்கு ஜாமீன் போட்டு மாட்டினவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கோயில் செயலாளரே வாசலில் மேசை போட்டு உட்கார்ந்ததால் பாதிப் பேராவது போட்டார்கள். மீதிக்குப் படம் எடுத்து இணைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

குறை என்று சொன்னேனே, அது இதுதான். ஒப்பந்தம் போட்டதும் பாதிப் பணம், அறிக்கை ஒப்புக்கொண்டபின் மீதி. அந்த மீதி வருவதற்குள் ஒலிபெருக்கிக்காரர் என்னைக் கடையில் வந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். தவணை தாமதமாகும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை, கேட்டால் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்ற பதில்தான். கையில் சேமிப்பு இருந்ததால் சமாளித்தேன். இல்லாதவர் என்ன செய்வார்? முதல் தவணையிலேயே பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கொடுத்து முடித்துவிட்டேன், காத்திருந்தது என் 2,000மும் ஒலிபெருக்கியும்தான். யார் எந்தத் தவணையில் பணம் வாங்குவார்கள் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணம் வந்துவிட்டது. இப்போது பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் குழு ஒன்று தங்கள் கெர்த்தாஸ் கெர்ஜாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருக்கிறது. பதாகை இருக்கிறது, பஸ் வாடகை இருக்கிறது, பிரியாணி இருக்கிறது. வில்லடிக்கிற ஐயாவுக்கு இன்னும் ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், வங்கிப் புத்தகத்தோடு.