அம்மாவோடு சென்னைக்குப் போகும்போது
போன தடவை அம்மாவைக் கண் பரிசோதனைக்குச் சென்னை கூட்டிப்போனேன். நெல்லை எக்ஸ்பிரஸ் காலையிலேயே எழும்பூரில் இறக்கிவிட்டது. பதிவு செய்திருந்த ஓட்டலில் "12 மணிக்குத்தான் செக்-இன்" என்றுவிட்டார்கள். இரண்டு காலும் வீங்கிப்போய் அம்மா வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

தென்மாவட்ட ரயில்களில் பல விடிகாலையில்தான் வந்து சேர்கின்றன. அதனால் முதலில் கேட்க வேண்டியது வாடகை இல்லை, 24 மணி நேர செக்-இன் உண்டா என்பதுதான்.

இந்தத் தடவை எழும்பூர் ஸ்டேஷன் பக்கமே எடுத்தேன். போனிலேயே எல்லாம் கேட்டுவிட்டேன். லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறை வாசலில் படி இருக்கா? கடைசிக் கேள்விக்கு அந்தத் தம்பி, "இருங்க சார்" என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மாடி ரூம்ல ஒரு சாண் உயரம் இருக்கு சார், கீழ ரூம்ல இல்ல. அதையே அம்மாவுக்குத் தர்றேன்." அப்புறம் வேறு எங்கும் விசாரிக்கவில்லை.

எழும்பூரில் தங்கினால் அலைச்சலும் குறைவு. வடபழனி, கோயம்பேட்டுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. தி.நகர் போக மின்சார ரயிலில் மாம்பலம் நாலாவது ஸ்டேஷன். வாடகை குறைவு என்று தாம்பரம் தாண்டி எடுத்தால், மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கே போய்விடும்.

தை மாசம் மறுபடியும் போகணும். அந்தக் கீழ் அறையை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.