பத்து வோல்ட் சரியாக இருந்தும் ஐந்து வோல்ட் தவறியது

எங்கள் பட்டறையின் சிறிய சிஎன்சி மில்லிங் மெஷினில் சென்ற மாதம் அக்ரிலிக் தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது, சீவல் உதிராமல் உருகி, 6 மில்லிமீட்டர் கட்டரின் பள்ளங்களில் கெட்டியாக அப்பிக்கொண்டது. புரோகிராமில் எஸ்6000, அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்று, என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் கட்டரைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் திரை 140 ஹெர்ட்ஸ் காட்டியது. 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடும் இந்த ஸ்பிண்டிலுக்கு 140 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 8,400 சுற்று. கேட்டதைவிட 40 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடினால் அக்ரிலிக் உருகாமல் என்ன செய்யும்?

கன்ட்ரோலரின் வேகக் கட்டளையை 0 முதல் 10 வோல்ட்டாக மாற்றி டிரைவுக்கு அனுப்புவது பிரேக்அவுட் போர்டு. முதலில் அதில் இருந்த பிரீசெட்டின் (வோல்ட்டைத் திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) மேல் சந்தேகம் வந்தது. எஸ்12000 கொடுத்து, 6 வோல்ட்டாக இருந்ததை 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன்பின் எஸ்24000 கொடுத்துப் பார்த்தபோது, 10 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 8.3 வோல்ட்தான் வந்தது. பிரீசெட்டைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, எந்தப் பாதியில் கோளாறு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

மின்சாரத்தை நிறுத்தி, டிரைவின் சார்ஜ் விளக்கு முழுவதும் அணையும்வரை காத்திருந்த பிறகே (உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் உயிருக்கே ஆபத்தானவை) போர்டிலிருந்து டிரைவுக்கு வரும் அனலாக் இன்புட் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் டிரைவின் சொந்த 10 வோல்ட் முனையிலிருந்து ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (திருகி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) இணைத்தேன். 5 வோல்ட்டுக்கு 200 ஹெர்ட்ஸ் என்று அது சரியாகக் காட்டியதால், டிரைவிலோ அதன் அமைப்புகளிலோ பிழை இல்லை என்பது உறுதியானது. கழற்றிய ஒயரின் நுனியில் மல்டிமீட்டரை வைத்தபோது, ஸ்பிண்டில் ஓடாத நிலையிலும் எஸ்12000க்கு அதே 6 வோல்ட் இருந்தது. எனவே மோட்டார் கேபிளிலிருந்து வரும் இரைச்சலும் காரணம் அல்ல. கன்ட்ரோலரில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் அதிகபட்ச வேகத்துக்கான 30ஆம் எண் அமைப்பு, இயல்பாக இருக்கும் 1000இல் விடப்படாமல், 24000 என்றே இருந்தது.

பிறகு எல்லா வேகத்துக்கும் வோல்ட்டை அளந்து தாளில் எழுதினேன். 0க்கு 0, 3,000க்கு 2.25, 6,000க்கு 3.5, 12,000க்கு 6, 18,000க்கு 8.5, 24,000க்கு 10. இரு முனைகளும் சரியாக இருக்க, இடையில் எல்லா இடத்திலும் ஒரே அளவாக 1 வோல்ட் கூடியிருந்தது. பிரீசெட்டின் பிழையாக இருந்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் மாறியிருக்க வேண்டும். கன்ட்ரோலர் வேகத்தைத் துடிப்புகளின் அகலமாக (பிடபிள்யூஎம்) அனுப்ப, போர்டு அதைத்தான் வோல்ட்டாக மாற்றுகிறது. ஆகவே, ஒவ்வொரு துடிப்பிலும் ஏதோ ஒரு நிலையான நேரம் கூட்டப்படுகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நண்பரிடம் ஆசிலோஸ்கோப் இரவல் வாங்கிப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. கன்ட்ரோலரிலிருந்து வரும் பிடபிள்யூஎம் துடிப்பு செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்கியது. போர்டில் இருக்கும் ஆப்டோகப்ளருக்கு (எல்இடியின் ஒளியால் ஒரு டிரான்சிஸ்டரை இயக்கித் துடிப்பைக் கடத்தும் பாகம்) அப்புறம் ஏறும் பக்கம் நிமிர்ந்திருக்க, இறங்கும் பக்கம் மட்டும் சரிவாகச் சாய்ந்து, ஏறத்தாழ 100 மைக்ரோவினாடி தாமதமாகக் கீழே வந்தது. இந்த பிடபிள்யூஎம்மின் அதிர்வெண் சுமார் 980 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுழற்சி ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி. அதில் 100 மைக்ரோவினாடி என்பது பத்தில் ஒரு பங்கு, 10 வோல்ட்டில் 1 வோல்ட். பூஜ்யத்தில் துடிப்பே இல்லை, முழு வேகத்தில் துடிப்பு இறங்குவதே இல்லை என்பதால்தான் இரு முனைகளும் தப்பித்திருக்கின்றன.

போர்டில் ஆப்டோகப்ளரின் வெளியீட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தார்கள். அந்த ரெசிஸ்டர் எவ்வளவு பெரிதோ, ஒளி நின்ற பிறகு டிரான்சிஸ்டர் அணைய அவ்வளவு நேரம் எடுக்கும். உள்ளீட்டுப் பக்கம் எல்இடிக்குப் போதிய மின்னோட்டம், சுமார் 11 மில்லி ஆம்பியர், போகிறது என்று அளந்து பார்த்துவிட்டு, 10 கிலோ ஓமுக்குப் பதிலாக 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். பிடபிள்யூஎம் அதிர்வெண்ணைக் குறைத்தும் இதைச் சரிசெய்யலாம் என்றாலும், அப்போது வெளியீட்டு வோல்ட்டில் அலைவு கூடும் என்பதால் அதை நான் விரும்பவில்லை.

இப்போது எஸ்12000க்கு 5.2 வோல்ட், 208 ஹெர்ட்ஸ். எஸ்6000க்கு 108 ஹெர்ட்ஸ். மிஞ்சிய 0.2 வோல்ட்டை அப்படியே விட்டுவிட்டேன். அந்த வேகத்தில் அக்ரிலிக் சீவல் வெள்ளையாக, உலர்ந்து உதிர்கிறது.