நியூஃபி என்று கூப்பிடாதீர்கள்

டொராண்டோவை விட்டு, கனடாவின் கிழக்குக் கடலோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்கு மாறப் போகிறேன் என்று சொன்னதும், தெரிந்தவர்கள் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன அக்கா, நியூஃபிகள் ஊருக்கா போறீங்க?" கேட்டவர்கள் தமிழர்கள். சிலர் கனடாவுக்கு வந்தே நாலைந்து வருடம்தான் இருக்கும். ஆனாலும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களைக் குறிக்கும் அந்தச் சொல்லும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஜோக்குகளும் அவர்களுக்கு அத்துப்படி. நியூஃபி என்றால் புத்தி மந்தம், குடி, பேசினால் புரியாத ஆங்கிலம். வேலையிடத்தில் யாரோ சொல்லிச் சிரித்ததை இவர்களும் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். இந்தத் தீவுக்காரர் ஒருவரோடும் இவர்களில் யாரும் பழகியதில்லை.

இப்போது இங்கே தலைநகரான செயின்ட் ஜோன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மே மாதத்திலும் பனி கொட்டும் ஊர். காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். கடிகாரம்கூடப் பக்கத்து மாகாணத்தைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆட்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டார்கள். பஸ் ஓட்டுநரிலிருந்து மருந்துக்கடைப் பெண் வரை எல்லோருக்கும் நான் "மை லவ்", இல்லையென்றால் "டக்கி". ஞாயிற்றுக்கிழமை என்றால் உப்பு மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், டர்னிப், துணிப்பையில் கட்டி வேகவைத்த பட்டாணி என்று ஒரு பெரிய சமையல் நடக்கும். மீன் என்று சொன்னால் காட் மீன்தான். வேறு மீன் என்றால் அதன் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் சமையலறையில் அடிக்கடி செய்கிற இன்னொன்று பலோனி. கறியை அரைத்து உருளையாகச் செய்து விற்பதைத் தடிமனாக வெட்டி, வெங்காயத்தோடு இரும்புச் சட்டியில் ஓரம் கருகும் வரை பொரிப்போம். எங்கள் தலைமைச் சமையல்காரி இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் இதை "நியூஃபி ஸ்டேக்" என்றுதான் சொல்வார். ஒரு நாள், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து புதிதாக வந்த மேற்பார்வையாளர் அதையே சாப்பாட்டுக்கூடப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "அதை அழி" என்றார். அழிக்கிற வரை சாப்பிட உட்காரவில்லை. மேற்பார்வையாளர் குழம்பிப்போய்ச் சமையல்காரியைப் பார்த்தார். நாள் முழுக்க அந்தச் சொல்லைப் புழங்குகிற அந்த அம்மா, ஈரத்துணியை எடுத்து வந்து தானே அழித்தார். "நான் சொல்வது வேறு, நீங்கள் எழுதி மாட்டுவது வேறு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெரியவருக்குச் சாயங்காலம் தேநீர் கொடுக்கப் போகும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அவர் பிறந்தது ஒரு சின்ன மீனவக் குடா. 1954க்கும் 1975க்கும் இடையில் இப்படி முந்நூறு குடியிருப்புகள் வரை காலி செய்யப்பட்டன. பள்ளிக்கூடம், மருத்துவம், சாலை எல்லாம் தனித்தனிக் குடாவுக்குக் கொண்டுபோக முடியாது, பெரிய ஊர்களுக்கு வந்துவிடுங்கள் என்றது அரசாங்கம். ஏறக்குறைய 30,000 பேர் இடம் மாறினார்கள். சிலர் மரவீட்டையே கடலில் மிதக்கவிட்டுப் படகில் கட்டி இழுத்துப் போனார்கள். பெரியவரின் குடும்பமும் அப்படிக் கிளம்பியதுதான். புதிய ஊரில் வேலை இல்லை. அவர் ஒன்டாரியோவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார். "சம்பளக் கவரில் மட்டும்தான் என் பெயர் இருக்கும். மற்றபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் நியூஃபி. இயந்திரம் நின்றால் நியூஃபி. யாராவது சிரிக்க வேண்டுமென்றாலும் நியூஃபி" என்றார்.

இந்தத் தீவு ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பேரரசுக்குள் தனக்கென்று பாராளுமன்றம் வைத்திருந்த தனி நாடு. கடனில் மூழ்கி 1934இல் தன்னாட்சியை இழந்தது. 1948 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 சதவீதம் பேர் கனடாவோடு சேரலாம் என்று சொல்ல, 1949 மார்ச் கடைசியில் சேர்ந்தது. நியூஃபி என்ற சொல், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைத்தளங்கள் இங்கே வந்த காலத்தில் பரவியது. அப்போது அது வெறும் சுருக்கப் பெயர். பிறகு தீவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஒன்டாரியோவுக்கு வேலை தேடிப் போனார்கள். ஜோக்குகள் அங்கேதான் பெருகின. புத்தகங்களாகவே அச்சாகி விற்றன. அவற்றைத் தொகுத்தவர்களில் இந்த ஊர்க்காரர்களும் உண்டு. 1992 ஜூலை 2ஆம் தேதி காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. சுமார் 30,000 பேருடைய பிழைப்பு ஒரே அடியாகப் போயிற்று. அடுத்த தலைமுறை ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் வயல்களுக்கு மூட்டை கட்டியது. சொல்லும் கூடவே போனது.

இதைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு கனத்தது. நான் இலங்கை மலையகத்துப் பிள்ளை. ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் முன்னோரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிகளாகக் கொண்டு வந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அன்றிலிருந்து எங்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கள்ளத்தோணி, அதாவது திருட்டுத்தனமாகத் தோணியில் வந்தவர்கள். சிங்களவர்களும் அதைத் தமிழிலேயே சொல்வார்கள். அதைவிட எனக்கு வலிக்கிற சொல் தோட்டக்காட்டான். அதைச் சொன்னவர்கள் தமிழர்கள். டொராண்டோவில் ஒரு வீட்டு விசேஷத்தில், பரிமாறிக்கொண்டிருந்த என் காதில் விழும்படியே, "அது தோட்டக்காட்டுப் பிள்ளை" என்று ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தோட்டம் நல்ல சொல், காடும் நல்ல சொல். இரண்டையும் சேர்த்து அப்படி ஒரு ஏச்சை எப்படிச் செய்தார்கள் என்று நான் சின்ன வயதிலிருந்தே யோசித்திருக்கிறேன்.

இங்கே வந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. ஓர் ஊரின் பெயர் ஏச்சாக மாறுவது, அந்த ஊர்க்காரர் வயிற்றுப்பாட்டுக்காக இன்னொருவர் இடத்தில் கூலிக்கு நிற்கும்போதுதான். தீவில் இருந்தவரை அந்தப் பெரியவரை யாரும் நியூஃபி என்று சீண்டியதில்லை. தொழிற்சாலை வாசலில்தான் அது தொடங்கியது. கூலி குறைவாக வாங்குகிறவனை மட்டமாக நினைக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அவன் பேச்சும் அவன் ஊரும் அந்தக் காரணமாகிவிடுகின்றன. "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்கிறவர்கள், அந்த விளையாட்டில் யார் எப்போதும் தோற்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்தால் போதும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி என்னைப் பார்த்தவுடன், "நீ அந்தப் படகில் வந்த பிள்ளையா?" என்று கேட்டார். 1986 ஆகஸ்ட் 11. இந்தத் தீவின் தென்கோடியில் செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன். மற்ற மீனவர்களும் உதவிக்கு வந்தார்கள். செயின்ட் ஜோன்ஸில் பல்கலைக்கழக விடுதியில் இடம் கொடுத்தார்கள். அவர்கள் புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று தெரிந்ததும், கனடாவில் பல பேர் "வரிசை தாண்டி வந்தவர்கள்" என்று திட்டத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டிக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. குளிரில் நடுங்கிய பிள்ளைகளுக்குப் போர்வை கொண்டுபோனதுதான் நினைவில் இருந்தது. நம்மைக் கடலிலிருந்து தூக்கிய மக்களை நாம் டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு நியூஃபி என்று சொல்லிச் சிரிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரியவரிடம் தோட்டக்காட்டான் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்களிடமும் அது உண்டு" என்றார். நகரத்துக்காரர்கள் குடாக்காரர்களைப் 'பேமேன்' என்பார்கள், இவர்கள் திருப்பி 'டவுனி' என்பார்கள். அது பெரும்பாலும் வேடிக்கையோடு போய்விடும். ஆனால் தீவின் மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர்களும் மிக்மாக் பழங்குடிகளும் கலந்து பிறந்தவர்களை 'ஜாக்கடார்' என்று சொல்வார்களாம். அதைச் சொல்லி ஏசக்கூடாது என்று அவருடைய அம்மா அவரை அடித்திருக்கிறார். அம்மாவின் சொந்தத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எல்லோரும் அந்தப் பெரியவரைப்போல நினைப்பதில்லை. என்னோடு வேலை செய்யும் ஓர் இளைஞன், "நான் நியூஃபிதான், அதில் எனக்குப் பெருமை" என்று தொப்பியில் போட்டுக்கொண்டு வருகிறான். கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக அந்தச் சொல் அச்சிட்ட சட்டையும் விற்கிறார்கள். அவன் அப்படிச் சொல்லலாம், அது அவனுடைய உரிமை. வெளியிலிருந்து வந்த நமக்கு அந்த உரிமை கிடையாது.

பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் சில சமயம் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: நியூஃபவுண்ட்லாண்டர் என்று முழுசாகச் சொல்லுங்கள். இதே மாகாணத்தின் பெருநிலப் பகுதியான லாப்ரடோரிலிருந்து வந்தவரிடம் இதையும் சொல்லாதீர்கள், அவர் லாப்ரடோர்க்காரர். 2001இல் மாகாணத்தின் பெயரிலேயே லாப்ரடோரைச் சேர்க்கும் வரை அவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கேயிருந்து வருகிற இனுயிட் பழங்குடி மக்களை எஸ்கிமோ என்று சொல்லவே கூடாது. அப்புறம், நம் கூட்டத்தில் யாராவது தோட்டக்காட்டான் என்றால், அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.