'ஃபைப்ரோ' என்று தொடங்கும் கட்டிகள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

நோயியல் பாடத்தில் ஃபைப்ரோமா, ஃபைப்ராய்டு, ஃபைப்ரோசிஸ், ஃபைப்ரோசர்கோமா என்று ஒரே சாயலில் வரும் பெயர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் எல்லாம் கலந்துவிடும். ஒவ்வொரு பெயரைப் பார்த்ததும் 'இது எந்தத் திசுவிலிருந்து வளர்கிறது, பரவுமா?' என்று கேட்டுக்கொண்டு படித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது.

ஃபைப்ரோமா என்பது நார்த்திசுவில் உருவாகும் தீங்கற்ற கட்டி. நார்த்திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் அவை சுரக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் சேர்ந்தது. பழைய நூல்களில் 'ஃபைப்ரோமேட்டா' என்று வந்தால் மிரள வேண்டாம், அது இதன் பன்மைதான். ஃபைப்ரோசர்கோமா புற்றுநோய், பரவும். ஃபைப்ரோமடோசிஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அதன் ஆழமான வகையான டெஸ்மாய்டு கட்டி பக்கத்துத் திசுக்களுக்குள் ஊடுருவும், ஆனால் வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஃபைப்ரோசிஸ் கட்டியே இல்லை. காயமோ நீண்டநாள் அழற்சியோ ஏற்பட்ட இடத்தில் தழும்புத் திசு படிவதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது ஃபைப்ராய்டில். பெயரில் நார் இருந்தாலும் அது வளர்வது கருப்பையின் மென்தசையிலிருந்து. அதனால் விடைத்தாளில் லியோமயோமா என்ற பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் ஜாடியில் வைத்த மாதிரியைக் காட்டினால் அவசரப்பட்டுப் பெயரைச் சொல்லாமல், கண்ணில் படுவதை முதலில் சொல்லுங்கள்: வெட்டுப்பரப்பு வெண்மையாக, சுழல்சுழலாக இருக்கும், சுற்றியுள்ள தசையிலிருந்து எல்லை தெளிவாகப் பிரிந்து தெரியும். அப்புறம் இருப்பிடம். தசைச்சுவருக்குள்ளா, வெளியுறைக்கு அடியிலா, உட்சவ்வுக்கு அடியிலா? உட்சவ்வுக்கு அடியில் இருப்பது சிறியதாக இருந்தாலும் அதிக ரத்தப்போக்கைத் தரும் என்பதைச் சேர்த்தால் பதில் முழுமையாகும்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களின் தூண்டுதலில் வளர்வதால் மாதவிடாய் நின்றபின் இது பொதுவாகச் சுருங்கும். அதற்குப் பிறகும் வளர்கிறது என்று கேள்வியில் இருந்தால் மென்தசையில் வரும் புற்றுநோயான லியோமயோசர்கோமாவை நினையுங்கள். கர்ப்பிணிக்குத் திடீர் வயிற்றுவலியும் லேசான காய்ச்சலும் என்றால் செந்நிறச் சிதைவு, அதாவது ரத்த ஓட்டம் தடைபட்டு ஃபைப்ராய்டின் திசு சிவந்து அழிவது. நோயாளியிடம் பேசும் தேர்விலோ 'கட்டி' என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். கேட்பவர் மனம் நேராகப் புற்றுநோய்க்குத்தான் போகும். ஃபைப்ராய்டு புற்றுநோய் அல்ல என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

சூலக ஃபைப்ரோமாவை நிறைய பேர் படிக்காமல் விடுகிறார்கள். சூலகத்தில் கட்டி, வயிற்றில் நீர், நுரையீரல் உறையில் நீர் என்று மூன்றும் ஒரே கேள்வியில் வந்தால் கை உடனே முற்றிய புற்றுநோய் என்ற விடைக்குப் போகும். கட்டி ஃபைப்ரோமாவாக இருந்தால் அது மெய்க்ஸ் நோய்த்தொகுதி. கட்டியை அகற்றியதும் இரண்டு இடத்து நீரும் மறைந்துவிடும் என்பதையும் எழுதுங்கள். அதுவும் அதன் இலக்கணத்தில் சேர்ந்ததுதான்.