2024 படங்கள்: மனதில் பட்டது

2024இல் வந்ததில் இன்னும் மனதை விட்டுப் போகாத படம் மெய்யழகன். பல வருடம் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் வரும் அரவிந்த்சாமி, பெயர்கூட ஞாபகம் வராத கார்த்தியோடு ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவார். அவ்வளவுதான் கதை. நீளம் என்று சொல்லி, வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம். அந்தப் பேச்சுதானே படமே!

லப்பர் பந்து அருமை. தினேஷ் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு வருமே, சிலிர்த்துவிட்டது.

மகாராஜாவில் கதையைச் சொன்ன விதம் பிரமாதம். ஆனால் அந்தக் கொடுமையை அவ்வளவு காட்டியிருக்க வேண்டாம்.

கங்குவாவில் சத்தம்தான் அதிகம். சூர்யாவின் உழைப்பு வீணாகிவிட்டது.

அப்புறம் இந்தியன் 2. 1996இல் வந்த முதல் படத்தை அத்தனை முறை பார்த்த எனக்கு, இடைவேளையிலேயே மனசு விட்டுப்போச்சு.